'சைக்ளோன்' என்னும் சொல்லின் பொருள்

கடுங்காற்று எதுவாயினும் அதனைப் 'புயல்' என்பது மக்கள் வழக்கு. வானிலை நூலார் 'சைக்ளோன்' என்று கூறும்போது முதற்கண் குறிப்பது காற்றின் கடுமையையன்று, அதன் சுழற்சியையே. இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் ஆபத்துக் காலத்தில் உயிர்காக்க உதவும்.

இச்சொல்லை ஆக்கியவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்பவர். கப்பல் தலைவராயிருந்த இவர், பின்னர் அந்நகரின் கடல் விபத்து விசாரணை மன்றத்திற்குத் தலைவரானார். வங்காள விரிகுடாவிற் புயலிற் சிக்கிய கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி ஒப்புநோக்கினார். ஒரே வேளையில் ஒரு கப்பல் வடகாற்றையும், அதற்குக் கிழக்கே நின்ற கப்பல் தென்காற்றையும் கண்டிருப்பின், இடையே ஒரு மையத்தைச் சுற்றிக் காற்றுச் சுழன்றிருத்தல் வேண்டும். அமெரிக்கரான ரெட்பீல்டு முதலியோர் இவ்வுண்மையை முன்னரே எடுத்துக்காட்டியிருந்தனர். அதற்குத் தக்கதொரு பெயரைப் பிடிங்டன் 1848-இல் தம் நூலில் வழங்கினார். பாம்பின் சுருளையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதன் மூலம். காற்றின் பாதை சரியான வட்டமாக இல்லாவிடினும் பெயர் பொருந்த வேண்டும் என்பது அவர் கருத்து.

காற்று ஏன் சுழல்கிறது? அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கிக் காற்று விரைகிறது. புவியின் சுழற்சியால் அது நம் வட அரைக்கோளத்தில் வலப்புறமாக விலகுகிறது. ஆகவே நேரே மையத்தை அடையாமல், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் அதனைச் சுற்றி வருகிறது.

வங்காளத்தில் கோடையில் வீசும் 'கால்பைசாகி' மணிக்கு 62 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தையும் எட்டுவதுண்டு. எனினும் அது இடிமழையுடன் வந்து விரைவில் ஓயும் காற்றேயன்றிச் சைக்ளோன் ஆகாது. மாறாக, வானிலை அறிக்கைகளிற் காணப்படும் 'மேலடுக்குச் சுழற்சி' என்பது சுழற்சியே எனினும் புயலன்று. மழையை மட்டும் தந்து நீங்கலாம். அதனைக் கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை. கடலில் தோன்றிய சுழற்சி வலுப்பெற்று, காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டிய பின்னரே இந்திய வானிலைத் துறை அதனைப் புயல் என அறிவிக்கிறது.

கடும் புயலின் மையத்தில் அமைதியான 'கண்' அமைவதுண்டு. மேற்கு நோக்கி வரும் புயலின் கண் ஓர் ஊரைக் கடக்குமாயின், முதலில் வடக்கிலிருந்து காற்று வீசும். பின்னர் அமைதி நிலவும். அதன்பின் தெற்கிலிருந்து கடுங்காற்றுத் திடீரென எழும். 2016 டிசம்பர் 12-ஆம் நாள் சென்னையைத் தாக்கிய 'வர்தா' புயலின் கண் அந்நகர் மீதே கடந்தது. இத்தகைய அமைதியைப் புயலின் முடிவெனக் கருதி வெளியே வருவோர், முதற்காற்றில் தளர்ந்த மரங்களும் சுவர்களும் எதிர்க்காற்றில் வீழும்போது அகப்பட்டுக்கொள்வர்.

எனவே ஆசிரியர்களும் களப் பணியாளர்களும் இச்சொல்லின் பொருளை மக்களுக்கு விளக்குதல் நன்று. சுழலும் காற்று மறுதிசையிலிருந்து மீண்டும் வரும். புயல் கடந்துவிட்டதென அதிகாரபூர்வமாக அறிவிக்கப்படும்வரை புகலிடத்தை விட்டு நீங்கலாகாது.