சோழமண்டலம் கலைஞர்கள் கிராமமும் பத்திக் துணிகளும்

சோழமண்டலம் கலைஞர்கள் கிராமம் என்பது சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையை ஒட்டி 1966-இல் நிறுவப்பட்ட ஓவியர்கள், சிற்பிகளின் குடியிருப்பு ஆகும். இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில், அங்கு பயின்ற கலைஞர்கள் இதனை உருவாக்கினர்.

அக்காலத்தில் சென்னையில் நவீன ஓவியங்களை வாங்குவோர் மிகச் சிலரே. பிழைப்புக்காக வேறு வேலை தேடினால் ஓவியம் வரைய நேரமிருக்காது. எனவே கலைஞர்கள் கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர். அவற்றுள் பத்திக் துணிகள் முதன்மையானவை.

பத்திக் என்பது இந்தோனேசியாவின் சாவகத் தீவில் புகழ்பெற்ற சாயமிடும் முறை. உருக்கிய மெழுகால் துணியில் உருவங்களை வரைந்து, பின்னர் துணியைச் சாயத்தில் நனைப்பர். மெழுகு படிந்த இடங்களில் சாயம் ஏறாது. மெழுகில் ஏற்படும் விரிசல்கள் வழியே கசியும் சாயம் மெல்லிய கோடுகளாகப் பதியும். இறுதியில் வெந்நீரில் மெழுகு நீக்கப்படும். விரிசல்கள் ஒன்றுபோல் அமையாததால் ஒவ்வொரு துணியும் தனித்தன்மை கொண்டது.

இத்தகைய விற்பனையில் கிடைத்த பணம் கிராமத்துக்கான நிலம் வாங்க உதவியது. துணி சோறு போட்டதால், வாங்குவோரின் விருப்பத்துக்கு ஏற்ப ஓவியத்தை மாற்ற வேண்டிய கட்டாயம் கலைஞர்களுக்குக் குறைந்தது.