மடிக்கணினியின் உடைந்த திரை

மடிக்கணினி மேசையிலிருந்து வழுக்கி விழுகின்றது. அல்லது விசைப்பலகையின்மீது கிடந்த பேனாவைக் காணாது ஒருவர் மூடியை அழுத்திச் சாத்திவிடுகின்றார். மறுமுறை திறக்கும்போது திரையில் சிலந்திவலை போன்ற வெடிப்பும், மை சிந்தியது போன்ற கறையும் தோன்றுகின்றன. எழுதி முடியாத கட்டுரையும், அனுப்பவேண்டிய கணக்கும், பல்லாண்டுகளாகச் சேர்த்த படங்களும் அக்கறைக்குப் பின்னே மறைந்துவிடுகின்றன. கணினியே போய்விட்டது என்று உடையவர் கலங்குகின்றார். புதியதொன்று வாங்கப் பொருள் எங்கே என்ற கவலையும் உடன் வருகின்றது.

உண்மை அதுவன்று. திரை கணினியின் முகமேயன்றி மூளையன்று. எண்ணும் பகுதியும் நினைவிற் கொள்ளும் பகுதியும் பெரும்பாலான மடிக்கணினிகளில் விசைப்பலகையின் கீழேயே உள்ளன. முகம் சிதைந்தாலும் அவை பழுதின்றி இயங்கிக்கொண்டிருக்கலாம். சிதைந்த திரையைக் கழற்றி, அதே இனத்தைச் சேர்ந்த வேறொன்றை வைப்பது, பொறுமையும் சில சிறு கருவிகளும் உடையவர் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. ஆயினும், செய்வதன் காரணத்தை அறிந்து செய்தல் வேண்டும். அறியாது செய்யின் திரையோடு நில்லாது கணினியும் பழுதடைய இடமுண்டு.

முதலில் திரை என்பது யாது எனக் காண்போம். 1888ஆம் ஆண்டிலே, பிராக் நகரில் பணியாற்றிய பிரீட்ரிக் றைனிற்சர் என்ற ஒஸ்திரியத் தாவரவியலறிஞர் ஒரு புதுமையைக் கண்டார். அவர் ஆராய்ந்த பொருளொன்று சூடாக்கும்போது ஒரு வெப்பநிலையில் உருகிக் கலங்கல் திரவமாயிற்று; மேலும் சூடாக்கியபோது வேறொரு வெப்பநிலையில் தெளிந்தது. இடைப்பட்ட அந்நிலையில் அப்பொருள் திரவத்தைப்போல் ஓடியது. ஆயினும் பளிங்கைப்போல் ஒளியை நடத்தியது. ஒட்டோ லேமன் என்ற ஜெர்மானிய அறிஞர் இதனை மேலும் ஆராய்ந்தார். இவ்வகைப் பொருள்களே திரவப் பளிங்குகள் எனப்படுகின்றன. 1968ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜோர்ஜ் ஹைல்மையர் குழுவினர் திரவப் பளிங்கினாலான காட்சித் திரையை உலகுக்கு அறிவித்தனர். இன்று பெரும்பாலான மடிக்கணினிகளின் திரை அதன் வழித்தோன்றலே.

இத்திரையில் மெல்லிய கண்ணாடித் தகடுகள் இரண்டு உள்ளன. அவற்றிடையே, மில்லிமீற்றரின் ஆயிரத்திற் சில பங்கே தடிப்புள்ள திரவப் பளிங்குப் படலம் அடைபட்டிருக்கின்றது. கண்ணாடிகளின் வெளிப்புறத்தே முனைவாக்கித் தாள்கள் ஒட்டப்பட்டுள்ளன. யாவற்றுக்கும் பின்னே வெண்ணிற ஒளி பரவுகின்றது. மின்னழுத்தம் மாறும்போது பளிங்கு மூலக்கூறுகள் திரும்புகின்றன. அதனால் ஒளி கூடியோ குறைந்தோ வெளிவருகின்றது. 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் உடைய திரையில் 20,73,600 புள்ளிகள் உண்டு. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சிறு வாயில்கள் உள்ளன. ஆகவே 62 இலட்சத்துக்கு மேற்பட்ட வாயில்களை நுண்ணிய திரான்சிற்றர்கள் திறந்து மூடுகின்றன. இக்கண்ணாடி பிளந்தவுடன் திரவம் இடம்பெயர்கின்றது, மின்கம்பிகளும் அறுகின்றன. எனவே வெடித்த திரையை ஒட்டிச் சீராக்க முடியாது; மாற்றுவதே வழி.

ஆனால் காட்சி கெட்டதெல்லாம் திரையின் குற்றமன்று. பிணியறிந்தே மருந்திடல் வேண்டும். கணினியை வடமொன்றினால் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்துப் பார்க்கலாம். அங்கே படம் தெளிவாகத் தோன்றினால், உள்ளுறுப்புகள் பெரும்பாலும் நலமாயுள்ளன எனக் கொள்ளலாம். அங்கேயும் கோடுகள் தோன்றினால், புதிய திரை வாங்குவது வீண்செலவாகும். மூடியை முன்னும் பின்னும் அசைக்கும்போது காட்சி வந்து வந்து மறைந்தால், பிணைச்சலின் ஊடாகச் செல்லும் வடத்திலே குற்றம் இருக்கக்கூடும். திரை இருண்டிருக்க, அதன்மீது மின்சூளின் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சும்போது படம் மங்கலாகத் தெரிந்தால், பின்னொளியே அணைந்துள்ளது. வெடிப்பும் மைக்கறையும் கண்ணுக்குத் தெரிந்தால் மாத்திரம் திரையே பழுதானது என ஐயமின்றிக் கூறலாம். தொலைக்காட்சியோடு இணைத்திருக்கும் இவ்வேளையிலேயே, முக்கியமான கோப்புகளுக்கு வேறோரிடத்தில் படியெடுத்து வைத்தல் அறிவுடைமை.

அடுத்தது புதிய திரையைத் தெரிந்தெடுத்தல். கணினியின் பெயரை மட்டும் நம்பி வாங்குதல் தவறு. ஒரே பெயருடைய கணினிகளிற்கூட வெவ்வேறு திரைகள் பொருத்தப்படுவதுண்டு. பழைய திரையைக் கழற்றி, அதன் முதுகில் ஒட்டியுள்ள சீட்டிலே அச்சிட்ட இலக்கத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்விலக்கத்தில் 156 என்று வந்தால், பெரும்பாலும் அது மூலைக்கு மூலை 15.6 அங்குலம் என்பதைக் குறிக்கும். 140 என்றால் 14 அங்குலம். புள்ளிகளின் தொகை, இணைப்பானிலுள்ள ஊசிகள் 30 ஆ அல்லது 40 ஆ என்பது, இணைப்பான் அமைந்த பக்கம், திருகாணிக்குரிய காதுகள் உண்டா இல்லையா என்பது ஆகிய நான்கும் ஒத்திருத்தல் வேண்டும். 30 ஊசி வடம் 40 ஊசி இணைப்பானிற் பொருந்தாது. முகம் பளபளப்பானதா மங்கலானதா என்பது மட்டும் அவரவர் விருப்பம்.

தேவையான கருவிகள் சில: நுனி நுண்ணிய திருப்புளி, மெல்லிய பிளாத்திக்கு அட்டை, மென்மையான துணி, திருகாணிகளை இடுவதற்குச் சிறு கிண்ணம். டெல், லெனோவோ, எச்.பி. போன்ற நிறுவனங்கள் தம் கணினிகள் பலவற்றைக் கழற்றிப் பூட்டும் முறையைக் கைந்நூல்களாக வெளியிட்டுள்ளன. அவற்றை முன்னரே படித்தால் மறைந்துள்ள திருகாணியைத் தேடித் தடுமாற வேண்டியதில்லை.

வேலையின் முதல் விதி மின்சாரத்தை அகற்றுதல். கணினியை முற்றாக நிறுத்தி, மின்னேற்றியைக் கழற்றிப் பற்றரியையும் எடுத்துவிட வேண்டும். பற்றரி உள்ளே பொருத்தப்பட்டதாயின், அடித்தகட்டைத் திறந்து அதன் இணைப்பை நீக்கவேண்டும். பின்னர் தொடக்கப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் எஞ்சிய மின்னும் வடிந்துவிடும். பலர் இதனை வீண்வேலை என்று கருதி விட்டுவிடுகின்றனர். பின்னொளிக்கு வேண்டிய மின்சாரமும் திரையின் வடத்தினூடாகவே செல்கின்றது. மின் ஓடும்போது இணைப்பானைச் சற்றுச் சரித்துப் பிடுங்கினாலும், அடுத்தடுத்த ஊசிகள் தொட்டுக்கொண்டு, தாய்ப்பலகையிலுள்ள கடுகளவான உருகி எரிந்துபோகலாம். அதன்பின் எத்தனை புதிய திரை வைத்தாலும் வெளிச்சம் வராது. சிறியதொரு சோம்பல் பெரியதொரு செலவாக முடிவது இவ்வாறே.

இனித் திரையைச் சூழ்ந்த சட்டத்தைக் கழற்றலாம். அதன் ஓரங்களிலே சிறு இறப்பர் மூடிகளின் கீழ்த் திருகாணிகள் மறைந்திருக்கக்கூடும். அவற்றை எடுத்தபின், சட்டத்தின் உள்விளிம்பில் அட்டையை நுழைத்து மெல்ல நெம்பினால், கொளுக்கிகள் ஒவ்வொன்றாக விடுபடும். வலிந்து இழுத்தல் கூடாது. திரை நான்கு மூலைகளிலும் திருகாணியால் நிற்குமாயின் அவற்றைக் கழற்றவேண்டும். காதுகளற்ற திரைகள் பல, இழுத்தால் நீளும் ஒட்டுநாடாவினால் மூடியோடு பிணைக்கப்பட்டிருக்கும். அந்நாடாவின் நுனியைப் பிடித்து மெதுவாக, நேராக இழுத்தால் அறாமல் முழுதும் வந்துவிடும்.

விசைப்பலகையின்மேல் துணியை விரித்து, திரையை முன்புறமாக அதன்மீது கவிழ்த்தல் வேண்டும். அப்பொழுது பின்புறத்தின் கீழோரத்தில் வடம் சேருமிடம் தெரியும். மூடியிருக்கும் ஒட்டுநாடாவை உரித்து, பூட்டுக்கம்பி இருப்பின் அதை நிமிர்த்தி, இணைப்பானைத் திரையின் முதுகோடு ஒட்டிய போக்கிலே பின்னுக்கு இழுக்கவேண்டும், மேல்நோக்கிக் கிளப்பலாகாது. கண்ணாடி வெடித்த திரையைக் கையாள்பவர் கண்ணாடியணிந்து கண்ணைக் காப்பதும், பின் கைகளைக் கழுவுவதும் நன்று. ஏறக்குறைய 2010ஆம் ஆண்டுக்கு முன் வெளிவந்த பல கணினிகளில் பின்னொளிக்கு மெல்லிய குழல்விளக்குகள் பயன்பட்டன. அவற்றில் இரசம் இருப்பதால் அவற்றை உடைத்தல் ஆகாது.

புதிய திரையை இரு பக்க ஓரங்களிலே பிடிக்கவேண்டும். கீழோரத்திலே நுண்ணிய மின்சுற்றுப் பலகை இருப்பதால் அங்கே அழுத்தினால், வாங்கிய அன்றே அது பழுதாகிவிடும். இணைப்பானை நேராகச் செருகிப் பூட்டி, ஒட்டுநாடாவை இட்டபின், சட்டத்தைப் பூட்டுமுன்னரே பரீட்சித்தல் வேண்டும். பற்றரியை இணைத்துக் கணினியைத் தொடக்கிப் பார்க்கலாம். சில கணினிகள் மின்னேற்றியையும் பொருத்திய பின்னரே விழித்தெழும். படம் வராவிடின் பதற்றம் வேண்டாம். பெரும்பாலும் இணைப்பான் முழுதாக உட்செல்லாமையே காரணம். ஆனால் அதனைத் தொடுமுன் கணினியை நிறுத்திப் பற்றரியை மீண்டும் நீக்கிவிடவேண்டும்; முதல் விதி இங்கும் அதுவே. காட்சி நன்கு தெரிந்தபின், ஒளிப்படக்கருவியின் வடம் எங்கும் நசுங்காதிருப்பதைப் பார்த்துச் சட்டத்தை அழுத்திப் பூட்டலாம். திரையின் முகத்திலுள்ள காப்புத் தாளை உரிப்பது இறுதிச் செயல்.

எல்லாக் கணினிகளும் இவ்வளவு இணக்கமானவையல்ல. தொடுதிரை உள்ள பலவற்றில் மேற்கண்ணாடியும் காட்சித் திரையும் ஒன்றாக ஒட்டப்பட்டுள்ளன. அப்பிளின் மக்புக் கணினிகளில் மூடி முழுவதையுமே மாற்றுவது வழக்கம். அத்தகையவற்றைக் கைதேர்ந்தவரிடம் ஒப்படைப்பதே முறை. மறுபுறம், பிரேம்வேர்க் என்ற அமெரிக்க நிறுவனம் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட மடிக்கணினியில், திரைச்சட்டம் காந்தத்தினாலேயே ஒட்டிநிற்கின்றது. பிரான்சு நாட்டில் அதே ஆண்டு சனவரி மாதம் முதலாந் திகதி தொடக்கம், மடிக்கணினி முதலான சில பொருள்கள் எவ்வளவு எளிதில் திருத்தத்தக்கவை என்பதை 10 புள்ளிகளுக்கு மதிப்பிட்டுக் காட்டவேண்டும் என்பது சட்டமாயிற்று. திருத்தத்தக்கதாகப் பொருளை ஆக்குவதும் ஆக்காது விடுவதும் செய்பவர் கையிலுள்ளது என்பதற்கு இவை சான்று.

இஃது ஒருவருடைய பணப்பையைப் பற்றிய விடயம் மட்டுமன்று. 2022ஆம் ஆண்டில் உலகில் 6 கோடி 20 இலட்சம் தொன் இலத்திரனியற் கழிவு சேர்ந்ததாக ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்புகள் கணக்கிட்டுள்ளன. அதிலே கால் பங்குகூட முறைப்படி சேர்க்கப்பட்டு மீளப் பயன்பாட்டுக்கு வரவில்லை. ஒரு கண்ணாடி வெடித்தமைக்காக, நலமுடன் இயங்கும் கணினியை முழுதாக எறிபவர் அக்குவியலை வளர்க்கின்றார். திரையொன்றை மாற்றி அதே கணினிக்கு இன்னும் சில ஆண்டுகள் வாழ்வளிப்பவரோ தம் பொருளையும் காக்கின்றார், மண்ணையும் காக்கின்றார். கழற்றிய பழைய திரையையும் குப்பையில் எறியாது, இலத்திரனியற் கழிவு சேர்ப்போரிடம் கொடுப்பதோடுதான் அவ்வேலை நிறைவு பெறும்.