எல்லா எண்ணும் பொருந்தும், சக்கரம் மட்டும் ஏறாது

மியூனிக்கில் அக்டோபர் பிறந்துவிட்டால் டயர் கடைகளில் லேசில் நேரம் கிடைக்காது. எப்போ விண்டர் டயர் மாட்டணும் என்று கேட்டால் "ஓ முதல் ஓ வரை" என்பார்கள். அக்டோபரும் ஈஸ்டரும் ஜெர்மன் மொழியில் 'ஓ'வில்தான் தொடங்குகின்றன. சட்டத்தில் தேதி எதுவும் கிடையாது. ரோட்டில் பனியோ ஐஸோ இருக்கும்போது அதற்கான டயர் இல்லாமல் ஓட்டினால் 60 யூரோ அபராதம், லைசென்ஸ் கணக்கில் ஒரு புள்ளி. 2024 அக்டோபரிலிருந்து மலைச் சிகரத்துக்குள் பனித்துகள் வரைந்த முத்திரை டயரில் இருக்கணும். வெறும் 'எம்+எஸ்' எழுத்து போதாது.

நண்பர் ஒருவர் இந்த இலையுதிர் காலத்தில் பழைய ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. வாங்கினார். ஏழாம் தலைமுறை, பெர்ஃபார்மன்ஸ் வகை. கூடவே யாரோ விற்ற 16 இஞ்ச் விண்டர் சக்கர செட் ஒன்றையும் பார்த்து வைத்திருந்தார். சாதா கோல்ஃபில் ஓடியது, விலை சல்லிசு. "போல்ட் ஓட்டை 5, வட்டம் 112 மி.மீ., நடு ஓட்டை 57.1. எல்லாம் ஒண்ணுதானே, வாங்கிடவா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. டயர் சுற்றளவு கூட ஒத்துப்போகிறது.

கணக்கு போட்டுக் காட்டுகிறேன். கோடைக்கு அவர் காரில் இருப்பது 225/40 ஆர்18. 18 இஞ்ச் என்றால் 457 மி.மீ.; பக்கச்சுவர் 225இல் 40 சதவீதம், அதாவது 90; மேலும் கீழும் சேர்த்து 180. மொத்த விட்டம் 637. அவர் பார்த்த 205/55 ஆர்16க்கு இதே கணக்கு 632 தரும். ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. ஸ்பீடோமீட்டர் கண்டுக்காது.

சிக்கல் உள்ளே இருக்கிறது. அந்த ஜி.டி.ஐ.யின் முன் பிரேக் டிஸ்க் 340 மி.மீ. விட்டம். 16 இஞ்ச் ரிம் என்பது டயர் உட்காரும் இடத்தில் 406 மி.மீ. கழித்துப் பாதியாக்கினால் பக்கத்துக்கு 33 மி.மீ. மிஞ்சும். ரிம்மின் உள்பக்கம் இதைவிடக் குறுகல், அதற்கு உலோகத் தடிமன் வேறு உண்டு. மிஞ்சின இடத்தில்தான் டிஸ்கைக் கவ்வும் கேலிப்பர் சுற்றி வரணும். வராது. ஆகவே 17 இஞ்சுக்குக் கீழே போக முடியாது. வேகமான கார்களுக்கு விண்டர் சக்கரம் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய எண் இந்த டிஸ்க் விட்டம்தான் என்பது என் கட்சி. விற்பனை விளம்பரத்தில் அதை யாரும் போடமாட்டார்கள்.

அப்போ 18ஐ வைத்துக்கொண்டு டயரை மட்டும் மாற்றினால்? மாற்றலாம். ஆனால் 225/45 ஆர்17 போட்டால் விட்டம் 634, பக்கச்சுவர் 90க்குப் பதில் 101 மி.மீ. பனி உருகித் திரும்ப உறைந்து ரோட்டில் குழி விழும் மாதத்தில் அந்த 11 மி.மீ. ரப்பர் ரிம்மைக் காப்பாற்றும். டயரும் பொதுவாக விலை குறைவு.

சென்னையிலிருந்து கேட்பவர்களுக்கு இன்னொரு சந்தேகம் உண்டு: பனி இல்லாத நாளில் கோடை டயர் ஏன் ஆகாது? மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கட்டியாகிறதில்லையா, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ரப்பர் உறைவதில்லை, ஆனால் குளிரக் குளிர அதன் மூலக்கூறு இழைகள் அசைய மறுத்து விறைக்கின்றன. விறைத்த ரப்பர் ரோட்டின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அமிழாது, பிடிப்பு போச்சு. 7 டிகிரி என்று ஒரு எல்லை சொல்வார்கள். அது வாய்ப்பாடுதான், அந்த டிகிரியில் டயர் சட்டென்று மாறிவிடாது. விண்டர் டயரின் கலவை குளிரிலும் இளகியே இருக்கும். அதன் மேல் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள் பனியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். பனிமேல் பனி நன்றாக ஒட்டும் என்பது பந்து உருட்டும் குழந்தைகளுக்கே தெரியும்.

நாலு சக்கரமும் இழுக்கும் கார் வைத்திருப்பவர்கள் சிலருக்கு ஒரு தைரியம் இருக்கிறது. கிளம்புவதற்கு அது உதவும், நிறுத்துவதற்கு உதவாது. 50 கி.மீ. வேகத்தில் உராய்வுக் கெழு 0.3 என்று வைத்தால் நிற்க சுமார் 33 மீட்டர்; 0.15 என்றால் 66. அந்தச் சூத்திரத்தில் எத்தனை சக்கரம் இழுக்கிறது என்பதற்கு இடமே இல்லை. கெழுவை மாற்றக்கூடியது டயர் மட்டும்தான். முன்னால் ஒரு குழந்தை ரோட்டைக் கடக்கும்போது அந்த 33 மீட்டர்தான் கணக்கு.

வேகக் குறியீட்டில் சட்டமே சலுகை தருகிறது. இந்தக் கார் சுமார் 250 வரை போகும். 'ஹெச்' குறியீடு 210 வரைக்கும்தான். விண்டர் டயருக்கு அது பரவாயில்லை, ஓட்டுபவர் கண்ணில் படும்படி '210' ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். சுமைக் குறியீட்டுக்கு இந்தச் சலுகை இல்லை.

நண்பர் கடைசியில் 17 இஞ்ச் செட் வாங்கினார், கம்பெனி ரிம் இல்லை, வெளி ரிம். அதில் இன்னொரு கண்ணி. ஃபோக்ஸ்வேகன் ரிம்மில் போல்ட் உட்காரும் இடம் உருண்டை. வெளி ரிம்களில் பெரும்பாலும் கூம்பு. பழைய போல்ட்டையே போட்டு முறுக்கினால் இறுகின மாதிரி தெரியும், தொடும் பரப்போ ஒரு கோடுதான். ஓட ஓடத் தளரும். கூம்பு போல்ட் தனியாக வாங்கி, 120 நியூட்டன் மீட்டரில் இறுக்கி, 50 கி.மீ. ஓடினதும் மறுபடி பார்த்தோம். காற்றைக் குளிர்ந்த டயரில் அளக்கணும். 10 டிகிரி இறங்கினால் ஏறக்குறைய 0.1 பார் குறையும்.

கழற்றின கோடைச் சக்கரங்களில் எது எந்த இடம் என்று சாக்பீஸால் எழுதி வைப்பது வழக்கம். என்னுடையதில் 'முன் இடது' என்று தமிழில் இருக்கும். டயர் கடைக்காரர் ஒவ்வொரு ஏப்ரலிலும் கேட்டுத்தான் மாட்டுகிறார்.