தண்ணீருக்கேற்ற குழாய்

வீடு கட்டி முடியும் தறுவாயில் கைப்பணமும் முடிந்துவிடும், பொறுமையும் முடிந்துவிடும். குளியலறைக்கு வேண்டிய குழாய்களையும் மின்சாரச் சாமான்களையும் நாம் பெரும்பாலும் அந்த வேளையிலேதான் வாங்கப் புறப்படுகிறோம். கடையின் விளக்கொளியில் எல்லாக் குழாய்களும் வெள்ளிபோலவே மின்னுகின்றன. ‘இவற்றுள் எது நல்லது?’ என்று கடைக்காரரைக் கேட்கிறோம். ஆனால் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி அதுவன்று. நம் வீட்டுத் தண்ணீர் எத்தகையது என்பதை நம்மையே நாம் முதலிற் கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. நிலத்துள் இறங்கும் மழைநீர் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலே தங்கிநிற்கிறது. அதனையே கிணற்றிலிருந்து இறைத்துக்கொள்கிறோம். காற்றிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு செல்லும் மழைநீர் மெல்லிய அமிலத்தன்மை பெற்று, அந்தச் சுண்ணக்கல்லைச் சிறிது சிறிதாகத் தன்னுள் ஏற்றுக்கொள்கிறது. வன்னீர் என்று நாம் சொல்வது இதனையே. சவர்க்காரம் எளிதில் நுரைக்காமைக்கும், கேத்திலின் அடியில் வெள்ளைப் பொருக்குப் படிவதற்கும் காரணம் ஒன்றுதான்: தண்ணீர் கொதிக்கும்போது, கரைந்திருந்த சுண்ணம் கல்சியங் காபனேற்றாகி மறுபடியும் கல்லாகிவிடுகிறது. மலைநாட்டு அருவிநீரைப் பயன்படுத்துவோருக்கு இத்தொல்லை குறைவு. ஆதலின் மலைநாட்டிலுள்ள உறவினர் புகழ்ந்துரைத்த சாமான் யாழ்ப்பாணத்திலும் அவ்வாறே உழைக்கும் என்று எதிர்பார்த்தலாகாது.

பொருக்கு, பார்வைக்கு மட்டும் கேடன்று. அது வெப்பத்தை எளிதிற் கடத்தாது. கேத்திலின் சூடாக்கும் கம்பிக்கும் தண்ணீருக்கும் இடையே அது ஒரு சுவர்போல நிற்பதால் தண்ணீர் கொதிக்க நேரமெடுக்கும்; மின்சாரம் கூடுதலாகச் செலவாகும்; கம்பியோ அளவுமீறிச் சூடேறி விரைவிற் பழுதடையும். கத்தியாற் சுரண்டுவது வேண்டாத வேலை. வினாகிரியும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்து ஊற்றி அரைமணி நேரம் விடுங்கள். குமிழி எழும்புவதைக் காண்பீர்கள். சுண்ணம் கரைந்து காபனீரொட்சைட்டு வெளியேறுவதே அது. பின்னர் நன்றாகக் கழுவி, ஒருமுறை தண்ணீர் கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டால் போதும். வினாகிரி கைவசம் இல்லாத வீட்டிலே தேசிக்காய்ப் புளியும் இவ்வேலையைச் செய்யும். வாங்கும்போதே, கை நுழையக்கூடிய அகன்ற வாயுள்ள கேத்திலைத் தெரிந்தெடுப்பது புத்தி. குளியலறையின் பூவாளிக் குழாயிலும் இதே நோக்கம் வேண்டும். துளைகள் மெல்லிய றப்பரால் அமைந்திருந்தால், அடைத்த பொருக்கை விரலால் உரசியே உதிர்த்துவிடலாம்.

இனிக் குழாய்க்கு வருவோம். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் நாள்தோறும் திறந்து மூடும் குழாய்களைப் பல்லாண்டுகளாகப் பார்த்துவருபவன் என்ற முறையில் இவ்விடயத்திற் சில வார்த்தைகள் சொல்லும் உரிமை எனக்குண்டு. குழாயைக் கையில் ஏந்திப் பாருங்கள். பித்தளையாற் செய்தது கனக்கும். நாகக் கலவையிலோ பிளாஸ்ரிக்கிலோ வார்த்து மேலே குரோமியம் பூசியது இலேசாயிருக்கும். மினுக்கம் இரண்டுக்கும் ஒன்றே. பூச்சு உரிந்தபின்னரே வேற்றுமை விளங்கும். இக்காலத்திலே பீங்கான் தட்டுகள் வைத்த, கால்வட்டம் திருப்பினாலே திறக்கும் குழாய்கள் பெருகிவிட்டன. அவை நல்லவையே. எனினும் கிணற்று மணலும் சுண்ணப் பொருக்கும் அத்தட்டுகளிற் கீறல் விழுத்திவிடும்; அப்போது உள்ளுறுப்பு முழுவதையும் மாற்றவேண்டும். அவ்வுறுப்பு ஒவ்வொரு தயாரிப்புக்கும் ஒவ்வொரு வடிவமாதலால், அது தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ‘இல்லை’ என்ற விடை வந்தால் அக்குழாயை இருந்த இடத்திலேயே வைத்துவிடலாம். முற்றத்திலும் கிணற்றடியிலும் பழைய திருகு குழாயே என் தெரிவு. அதன் றப்பர் வாஷரைச் சில ரூபாய்களுக்கு எந்த இரும்புக்கடையிலும் வாங்கலாம், வீட்டிலுள்ளவரே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதனை இறுக்கித் திருகும் வழக்கத்தை விடவேண்டும். தண்ணீர் நின்றபின்னரும் பலங்கொண்ட மட்டும் முறுக்குவதே வாஷர் நசிவதற்குப் பெருங்காரணம்.

வினாடிக்கு ஒரு துளி சொட்டும் குழாய், ஒரு நாளில் 86,400 துளிகளை வீணாக்குகிறது. அத்தண்ணீர் மோட்டார் போட்டு இறைத்துத் தாங்கியில் ஏற்றிய தண்ணீர் என்பதையும் எண்ணிப் பாருங்கள். சொட்டுவதையாவது கண்ணாற் காணலாம். மலசலகூடத் தொட்டியின் கசிவோ சத்தமின்றி ஓடிக்கொண்டிருக்கும். அதனை அறிய ஒரு வழி உண்டு. தொட்டிக்குள்ளே சிறிது சலவை நீலத்தைக் கலந்து, அரைமணி நேரம் எவரும் பயன்படுத்தாமல் விடுங்கள். கீழே கிண்ணத்தில் நீலம் தென்பட்டால் அடிவாயை மூடும் றப்பர் பழுதென்பது உறுதி. ஒவ்வொரு தொட்டிக்கும் குழாய்த் தொகுதிக்கும் தனித்தனியே கேற் வால்வு வைத்திருந்தால், ஒரு வாஷருக்காக வீடு முழுவதற்கும் தண்ணீரை நிறுத்தவேண்டியதில்லை.

குளியலறையைத் துப்புரவு செய்வதிலே ஓர் ஆபத்து மறைந்துகிடக்கிறது. மஞ்சட்கறை போக்க விற்கப்படும் திரவங்கள் பலவற்றில் ஐதரோக்குளோரிக்கமிலம் உண்டு. கிணற்றுக்கு இடுவதற்கென்று குளோரீன் தூளும் பல வீடுகளில் இருக்கும். கறை இன்னும் விரைவாகப் போகும் என்றெண்ணி இரண்டையும் ஒன்றாகக் கலப்போர் உளர். கலந்தால் எழுவது குளோரீன் வாயு. மூடிய சிறு அறையில் அது நுரையீரலைத் தாக்கும் நஞ்சு. முன்னர் நான் சொன்ன வினாகிரியையும் குளோரீன் தூளுடன் சேர்த்தலாகாது. இவற்றை வெவ்வேறு இடங்களில், பிள்ளைகளின் கைக்கெட்டாமல் வையுங்கள். குரோமியம் பூசிய குழாய்களில் அமிலம் படவே வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டாற் போதும்.

கடைசியாகச் சுடுநீர்க் கருவி. முதியோரும் கைக்குழந்தைகளும் உள்ள வீட்டில் அது ஆடம்பரமன்று. ஆனால் தண்ணீரும் மின்சாரமும் ஒரே சுவரில் சந்திக்கும் இடம் அது. நம் நாட்டு மின்சாரம் 230 வோற்று. 13 அம்பியர் பிளக் ஒன்று ஏறத்தாழ 3,000 வாற்றுக்கு மேல் தாங்காது. ஓடும் நீரை உடனே சூடாக்கும் கருவிகளோ பெரும்பாலும் அதற்குமேல் இழுப்பவை. ஆதலின் அவற்றுக்குத் தகுந்த தடிப்புள்ள கம்பியைத் தனியே பலகையிலிருந்து கொண்டுவருதல் வேண்டும். கடையிற் கருவியை விலைபேசும்போது இச்செலவையும் சேர்த்தே கணக்கிடுங்கள். தொட்டியில் நீரைச் சேர்த்துச் சூடாக்கும் கருவியானால், அதனுள்ளே மகனீசியக் கோல் ஒன்று தான் அரிக்கப்பட்டுத் தொட்டியைக் காக்கிறது. அது தேய்ந்ததும் மாற்றவேண்டும். சூடு கூடக்கூடச் சுண்ணப்படிவும் கூடுமாதலால் வெப்பத்தை அளவோடு வையுங்கள். அழுத்தம் மிகும்போது நீர் கசியவிடும் சிறு வால்வை, ‘ஒழுகுகிறதே’ என்று ஒருபோதும் அடைத்துவிடாதீர்கள்.

எல்லாவற்றினும் முக்கியமானது புவித்தொடுப்பு, அஃதாவது ‘ஏர்த்’. மூன்றாம் துளையில் ஈர்க்கைச் செருகி, அதனுள் இருமுனைப் பிளக்கைத் திணிக்கும் கெட்டித்தனத்தைப் பல வீடுகளிற் காணலாம். கருவியின் உலோக உடலில் மின்சாரம் கசிந்தால் அதனை நிலத்துக்குக் கொண்டுசெல்வது அந்த மூன்றாம் வழியே. இருமுனைப் பிளக்குக்கு அவ்வழி இல்லை. உலோக உடலுள்ள கருவியை அவ்வாறு பொருத்தினால், ஈரக்காலுடன் அதைத் தொடுபவரே வழியாகிவிடுவார். மின்சாரப் பலகையில் ‘ட்ரிப் சுவிச்’ இருக்கிறதா என்று பாருங்கள். 30 மில்லியம்பியர் அளவு கசிவு ஏற்பட்டாலே மின்சாரத்தைத் துண்டிப்பதற்கென அமைந்தது அது. அதிலே ‘ரி’ என்னும் ஆங்கில எழுத்துப் பொறித்த சிறு பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். சுவிச் உடனே விழவேண்டும். விழாவிட்டால், மின்னியலாளர் வந்து பார்க்கும்வரை சுடுநீர்க் கருவியைத் தொடாமல், அடுப்பிலே தண்ணீர் சுடவைத்துக் குளியுங்கள்.