மூன்று பவுன் வரி

சென்னை எழும்பூரிலுள்ள கோ-ஆப்டெக்ஸ் தலைமையகக் கட்டடத்திற்குத் ‘தில்லையாடி வள்ளியம்மை மாளிகை’ என்று பெயர். நெசவாளர் பலர் அதன் படியேறியிருப்பர். அப்பெயருக்குரியவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்து, சிறை சென்று, 16 வயதில் உயிர் நீத்த பெண்மணி. அவர் கலந்துகொண்ட போராட்டத்திற்கு ஒரு வரியும் காரணமாயிருந்தது. அவ்வரியின் கணக்கை அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

நேட்டாலில் குடியேறிய வெள்ளையர், ஜூலு மக்கள் வாழ்ந்த மண்ணில் கரும்புத் தோட்டங்கள் அமைத்தனர். சொந்தமாகப் பயிரும் கால்நடையும் வைத்திருந்த அம்மக்கள் அற்பக் கூலிக்கு ஆண்டு முழுதும் உழைக்க இசையவில்லை. ஆகவே இந்தியாவிலிருந்து ஆட்கள் தருவிக்கப்பட்டனர். 1860 நவம்பர் 16ஆம் தேதி ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் டர்பனை அடைந்தது. 1911க்குள் ஒன்றரை லட்சத்திற்கு மேற்பட்டோர் அவ்வாறு சென்றனர்.

ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு. முதலாண்டில் மாதக் கூலி 10 ஷில்லிங். பின் ஆண்டுதோறும் 1 ஷில்லிங் உயர்வு. அனுமதிச் சீட்டின்றித் தோட்டத்தை விட்டு வெளியேறினால் சிறை.

தவணை முடிந்தவர் பலர் காய்கறி பயிரிட்டுச் சந்தையில் மலிவாக விற்றனர். வெள்ளையர்க்கு இது பொறுக்கவில்லை. உழைப்பாளி வேண்டும், ஆனால் அவன் குடியானவனாகவோ வணிகனாகவோ ஆகக்கூடாது என்பதே அவர்கள் எண்ணம். 1893இல் சுயாட்சி பெற்ற நேட்டால் அரசு ஆண்டுக்கு 25 பவுன் தலைவரி கேட்டது. இந்திய சர்க்கார் 3 பவுனுக்கு இசைந்தது. 1895இல் சட்டம் பிறந்தது. அதன் பின் வந்தவர்கள் தவணை முடிவில் தாய்நாடு திரும்பவேண்டும், அல்லது மீண்டும் ஒப்பந்தக் கூலியாகவேண்டும். இரண்டும் இல்லையேல் வரி.

3 பவுன் என்பது 60 ஷில்லிங்; அதாவது முதலாண்டுக் கூலியில் ஆறு மாதச் சம்பளம். 1903இல் 16 வயது மகனுக்கும் 13 வயது மகளுக்கும் வரி நீட்டப்பட்டது. கணவன், மனைவி, வளர்ந்த மக்கள் இருவர் கொண்ட குடும்பத்திற்கு ஆண்டுக்கு 12 பவுன்! கஜானாவை நிரப்புவதைவிட மனிதனைத் தோட்டத்திற்குத் திருப்பி அனுப்புவதே இவ்வரியின் வேலை. ஆப்பிரிக்கர் மீது விதித்த குடிசை வரியும் அவர்களைக் கூலி வேலைக்குத் தள்ளியது.

1913இல் தமிழ்ப் பெண்கள் பெரும்பான்மையாயிருந்த ஒரு குழு நியூகாசில் சுரங்கத் தொழிலாளரிடம் சென்று, வேலை நிறுத்தம் செய்ய அழைத்தது. நவம்பர் 6ஆம் தேதி 2,000க்கு மேற்பட்டோர் காந்தியடிகளுடன் டிரான்ஸ்வால் எல்லை நோக்கி நடந்தனர். அரசோ சுரங்க வளாகங்களையே சிறைகளாக்கி, அதே தொழிலாளரை அங்கேயே வேலை வாங்கியது. சிறையில் நோயுற்ற வள்ளியம்மை, விடுதலையான சில நாட்களில், 1914 பிப்ரவரி 22ஆம் தேதி காலமானார். அவ்வாண்டே வரி ரத்தாயிற்று. எனினும் இந்தியர்க்கு வாக்குரிமை வரவில்லை. 1913இல் வந்த நிலச் சட்டமோ ஆப்பிரிக்கர்க்கு நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 7 சதவீதமே ஒதுக்கியது.

1895க்குப் பின் கப்பலேறியோரின் ஒப்பந்தத்திலேயே இவ்விதி எழுதியிருந்தது. எழுத்தறியாதவர் அதில் கைநாட்டு வைத்தனர். சங்கத் தணிக்கையின்போது கடன் பத்திரங்களில் கைநாட்டுகளைக் காணும்தோறும் இது நம் நினைவுக்கு வருகிறது. அங்கத்தினர்களே, பத்திரம் முழுவதையும் உரக்கப் படித்துக் காட்டுமாறு கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. படிப்பது சங்கத்தின் கடமை.