கொட்டகையில் ஒரு ஹெரால்டு!

கிரிவலம் வந்திருக்கிறீர்களா? 14 கிலோமீட்டர் நடையில், பாதி வழி கடந்து, 'இன்னும் எவ்வளவு தூரம்?' என்று கால்கள் கெஞ்சத் தொடங்கும் சமயத்தில் வரும் ஊர் அடி அண்ணாமலை. அங்கே உங்கள் மாமனார் வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். கொல்லைப்புறக் கொட்டகையில், விறகுக்கும் வைக்கோலுக்கும் நடுவே, துருப் பிடித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று நிற்கிறது. பின் ஸீட்டில் கோழி அடைகாக்கிறது!

பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்கிறார். உங்கள் கணவரோ, "வீட்டிலேயே நான் செப்பனிட்டுக் காட்டுகிறேன்!" என்று சட்டைக் கையை மடித்துவிட்டார். உங்கள் பார்வை மெதுவாகக் கைவளையல்கள் பக்கம் போகிறது. நியாயந்தானே?

சம்மதம் சொல்லுமுன் அந்தக் காரின் குலம் கோத்திரத்தை விசாரித்துவிடலாம். 1959-ல் இங்கிலாந்தில் 'டிரையம்ப் ஹெரால்டு' என்ற பெயரில் பிறந்தது அது. உருவம் வரைந்தவர் மிக்கலோட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் நம் சென்னையிலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் அதைத் தயாரித்து விற்றார்கள். "ஸ்போர்ட்ஸ் கார் இல்லையா?" என்று உங்கள் பிள்ளை உதட்டைப் பிதுக்கினால் இதைச் சொல்லுங்கள்: 1962-ல் வந்த 'ஸ்பிட்ஃபயர்' என்ற இரண்டு ஸீட் ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி அதன்மேல் கட்டியதுதான். உருவம் தந்தவரும் அதே மிக்கலோட்டி. ஆக, நம் வீட்டுக் கார் அதற்கு அண்ணன் முறை!

வீட்டில் வேலை செய்கிறவருக்கு இதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. இந்தக் காலத்துக் கார்களில் மேல்கூடும் அடிப்பாகமும் ஒன்றாகவே பற்றவைக்கப்பட்டிருக்கும். ஹெரால்டிலோ அடியில் தனி இரும்புச் சட்டம். மேலே தகடுகள் போல்ட் போட்டு முடுக்கியவை. முன்மூடி, இரு பக்கத்து மட்கார்டுகளுடன் ஒரே பெட்டி மூடியாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும்.

ஆனால் இங்கேதான் பல ஆண்பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். முதல் வாரமே பளபளவென்று சிவப்புப் பெயிண்டு வாங்கி வந்துவிடுவார்கள்! திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டம் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிக்குமுன் உறுதி பார்க்க வேண்டியது அச்சையும் சக்கரத்தையுமா, அலங்காரத் துணியையா? காருக்கும் அதே கதைதான். முதலில் அடிச்சட்டம், கடைசியில் பெயிண்டு.

சோதனை சுலபம். திருப்புளியின் கைப்பிடியால் சட்டத்தை நெடுகத் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் நல்ல இரும்பு. 'சொத்' என்றால் உள்ளே அரித்துவிட்டது. கதவுகளுக்குக் கீழே, கால்மிதிக்கு அடியில், டிக்கியின் தரையில் மழைநீர் தங்கும். துரு அங்கேதான் குடியிருக்கும். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின்மேல் நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் யாரோ கனமாகப் பட்டி பூசி ஓட்டையை மறைத்திருக்கிறார்கள்! அடிச்சட்டம் பல இடங்களில் கையோடு பெயர்ந்து வந்தால், மனத்தைத் தேற்றிக்கொண்டு இரும்புக்காரரைக் கூப்பிடுவதே மேல்.

சட்டம் தேறிவிட்டதா? கழற்றுமுன் ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் எடுத்துவையுங்கள். போல்ட்டுகளைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போட்டுச் சீட்டு ஒட்டுங்கள். சாமான் அறையை ஆளும் உங்களைவிட இதற்குத் தகுந்தவர் யார்? கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்த இரும்பில் அன்றே பிரைமர் பூசிவிட வேண்டும். 'நாளைக்கு' என்று விட்டால் இரவுப் பனியிலேயே துரு திரும்பிவிடும். பல வருஷம் தூங்கிய என்ஜினைச் சாவி போட்டு எழுப்பவே கூடாது. பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களுக்குள் சிறிது எண்ணெய் விட்டு ஊறவைத்து, பிறகு கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

இனி, நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டிய இடங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் படுக்கக் கூடாது; உறுதியான ஸ்டாண்டுகள் அவசியம். பழைய பெயிண்டில் ஈயமும், பிரேக் கட்டைகளில் கல்நாரும் இருக்கலாம். ஆகவே முகமூடி போட்டு, நனைத்துத் தேய்க்கட்டும். குழந்தைகள் கொட்டகைப் பக்கமே வரவேண்டாம். பெட்ரோல் டாங்கு காலியாக இருந்தாலும் அதன் அருகே நெருப்பு ஆகாது. உள்ளே தங்கிய ஆவியே வெடிக்கும். சட்டத்தில் பற்றவைக்கும் வேலையையும், பிரேக்கின் கடைசிச் சோதனையையும் தேர்ந்த பட்டறைக்காரரிடம் விட்டுவிடுவதில் அவமானம் ஒன்றுமில்லை.

ஆர்.சி. புத்தகத்தையும் தேடி எடுத்துவையுங்கள். 50 வயது கடந்த, அசல் உருவம் மாறாத வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. முன்பே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிவு செய்த வண்டியைத் தினப்படி உபயோகத்துக்கோ வியாபாரத்துக்கோ ஓட்டக் கூடாது. எனவே அழகு செய்வதாக நினைத்து உருவத்தை மாற்றிவிட வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

மாதங்கள் ஓடும், துணிகளில் கிரீஸ் கறை ஏறும், சண்டையும் வரும். வளையலைத் தொடுவதில்லை, மாதம் இவ்வளவுதான் செலவு என்று முதலிலேயே எல்லை போட்டுவிட்டால், சண்டை சமாதானத்தில் முடியும்.

ஒருநாள் அந்த என்ஜின் இருமி, செருமி, உறுமும். மாமனாரை முன் ஸீட்டில் உட்காரவைத்து மலையைச் சுற்றி அழைத்துப் போங்கள். பௌர்ணமியன்று மட்டும் வேண்டாம். அன்று பாதை நடப்பவர்களுக்குச் சொந்தம். புறப்படுமுன் பின் ஸீட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கோழி பழைய நினைவில் திரும்பி வந்திருக்கப் போகிறது!