சந்தோஷம் வந்தால் பாவாடை மணியடிக்கும்! - ஒரு துருக்கிச் சொலவடை

வேலை கிடைத்துவிட்டது... வெளியூரில் இருக்கும் மகன் நாளை வருகிறான்... மகளுக்கு வரன் அமைந்துவிட்டது... இப்படி ஒரு நல்ல சேதி வந்தால் நாம் என்ன சொல்வோம்? 'தலைகால் புரியலை' என்போம். பக்கத்து வீட்டுக்காரர்கள், 'என்ன... வாயெல்லாம் பல்லா இருக்கு!' என்று கிண்டல் செய்வார்கள்.

துருக்கியில் அதே ஆளைப் பார்த்து, 'பாவாடை மணியடிக்குது' என்பார்கள்.

'எத்தெக்லெரி ஸில் சால்மாக்' என்பதுதான் அந்தச் சொலவடை. 'எத்தெக்' என்றால் பாவாடை அல்லது ஆடையின் கீழ்விளிம்பு. 'ஸில்' என்றால் மணி. 'சால்மாக்' என்றால் ஒலிப்பது. இதில் வரும் 'ச'வை 'பச்சை'யில் வருவதுபோல அழுத்திச் சொல்லுங்கள்.

ஆண்களுக்கும் உண்டு!

பாவாடை என்றதும் இது பெண்களுக்கு மட்டுமானது என்று நினைத்துவிட வேண்டாம். ஆண்களைப் பற்றியும் இப்படிச் சொல்வார்கள். ஒஸ்மானியர் காலத்தில் ஆண்களும் நீண்ட அங்கி அணிந்ததுண்டு. அதன் விளிம்பும் எத்தெக்தான். மலையடிவாரத்தைக்கூட 'மலையின் எத்தெக்' என்றுதான் துருக்கியர் சொல்கிறார்கள்.

மணிக்கும் அங்கே பெரிய சரித்திரம் உண்டு. நடனமாடுபவர்கள் விரல்களில் மாட்டிக்கொள்ளும் குட்டித் தாளங்களுக்கும் 'ஸில்' என்றுதான் பெயர். 'ஸில் மாட்டிக்கொண்டு ஆடினான்' என்றாலும் ஏகப்பட்ட சந்தோஷத்தில் இருக்கிறான் என்றே பொருள். இன்று உலகெங்கும் டிரம்ஸ் கலைஞர்கள் விரும்பும் 'ஸில்ஜியன்' தாளத்தட்டுகள், 1623-ல் இஸ்தான்புல்லில் ஓர் ஆர்மீனியர் தொடங்கிய தொழில். அந்தப் பெயருக்குள்ளும் இந்த 'ஸில்' இருக்கிறது.

எப்போது சொல்லலாம்?

நிம்மதியாக, அமைதியாக மனம் நிறைந்திருக்கும் நேரத்துக்கு இது பொருந்தாது. உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாமல், அறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறோமே... அந்தச் சந்தோஷத்துக்குத்தான் இது. நடந்தால்தானே ஆடை அசையும், மணி ஒலிக்கும்! நடக்கப்போகிற நல்லதை எண்ணித் துள்ளுபவர்களைப் பற்றியும் இதைச் சொல்லலாம். 'வெளியே ஒண்ணும் காட்டிக்கலை, ஆனா பாவாடை மணியடிக்குது' என்று செல்லமாகக் கேலி செய்யவும் உதவும்.

'என் பாவாடை மணியடிக்கிறது' என்று சொல்ல, 'எத்தெக்லெரிம் ஸில் சாலியோர்.' 'உன்' என்றால் 'எத்தெக்லெரின்.' அவனோ அவளோ, இருவருக்கும் 'எத்தெக்லெரி.' கடைசி எழுத்துதான் மாறுகிறது. சொல்லோடு சொல்லை ஒட்டிக்கொண்டே போவதும், வினைச்சொல்லைக் கடைசியில் வைப்பதும் தமிழுக்கும் துருக்கிக்கும் பொதுவான குணங்கள். அதனால் வாக்கிய அமைப்பு நமக்குச் சட்டென்று பிடிபடும்.

ஒரு சொல் மாறினால் போச்சு!

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பாவாடையை எடுத்துவிட்டு வயிற்றை வையுங்கள். 'கர்னிம் ஸில் சாலியோர்', அதாவது 'என் வயிறு மணியடிக்கிறது.' இதற்குச் சந்தோஷம் என்று பொருள் இல்லை, அகோரப் பசி! 'வயித்துல மணியடிக்குது' என்று நாமும் சொல்வோமே, அதேதான்.

இப்போது பாவாடையை அப்படியே வைத்துக்கொண்டு மணியை எடுத்துவிட்டு, 'தீப்பிடித்தது' என்று சொல்லிப் பாருங்கள். 'எத்தெக்லெரி துதுஷ்து' என்றால் பதறிப்போய்விட்டான், கைகால் ஓடவில்லை என்று பொருள். மணியடித்தால் மகிழ்ச்சி, தீப்பிடித்தால் பதற்றம். இரண்டிலும் ஆள் நிலைகொள்ளாமல் அலைவார் என்பது மட்டும் ஒன்றுதான்.

பதில் சொல்லவும் தெரிய வேண்டும்

துருக்கியில் ஆண்களுக்கு ராணுவச் சேவை கட்டாயம். 2019-லிருந்து அது பொதுவாக 6 மாதங்கள். பல ஊர்களில் பையன் கிளம்பும் நாளில் 'தவுல்' என்ற பெரிய மேளமும், நம் நாதஸ்வரத்தின் இனத்தைச் சேர்ந்த 'ஸுர்னா'வும் முழங்க, பேருந்து நிலையம்வரை வந்து வழியனுப்புவார்கள். இன்னொரு பிரிவும் அவர்களுக்குப் பழக்கம். 1961-ல் மேற்கு ஜெர்மனியுடன் ஏற்பட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு லட்சக்கணக்கானவர்கள் அங்கே வேலைக்குப் போனார்கள். ஊரைவிட்டு அந்நிய மண்ணில் வாழும் வாழ்க்கைக்கு 'குர்பெத்' என்று தனிச்சொல்லே உண்டு.

அப்படிப் போனவர் திரும்பி வருகிறார் என்றால் வீட்டில் யாருடைய பாவாடை மணியடிக்காது?

அந்த வீட்டுக்கு வரும் அக்கம்பக்கத்தார் சொல்வது, 'கோஸுன் அய்தின்.' 'உன் கண் ஒளிபெற்றது' என்று அர்த்தம். காத்திருந்து காத்திருந்து ஒரு நல்லது நடக்கும்போது சொல்லும் வாழ்த்து இது. மரியாதையாகச் சொல்ல வேண்டுமென்றால், 'கோஸுனுஸ் அய்தின்.' வெயிலில் வாழும் நமக்குப் பிள்ளையைப் பார்த்தால் கண் குளிர்கிறது. அவர்களுக்கோ கண்ணில் வெளிச்சம் வருகிறது!

புதிய மொழி கற்பவர்கள் முதலில் 'என்ன விலை', 'எங்கே இருக்கிறது' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அது கடைக்கும் பயணத்துக்கும் போதும். ஆனால், எதிரில் இருப்பவர் பூரித்துப்போய் ஒரு சேதி சொல்லும்போது, பதிலுக்கு ஒரு வார்த்தை இல்லாமல் வெறுமனே தலையாட்டினால், அவர் சந்தோஷம் அவரோடு நின்றுவிடும். 'கோஸுன் அய்தின்' என்று சொல்லிவிட்டால், அந்தச் சந்தோஷத்தில் நீங்களும் பங்காளி.

அடுத்த முறை துருக்கித் தொடர் பார்க்கும்போது 'ஸில் சாலியோர்' என்று காதில் விழுந்தால், அதற்கு முன்னால் வந்த சொல்லைக் கவனியுங்கள். வயிறா, பாவாடையா? சாப்பாடு போட வேண்டுமா, வாழ்த்துச் சொல்ல வேண்டுமா என்பது அதில்தான் இருக்கிறது!